இறக்கை முளைத்த மூன்று பிள்ளைகள்

தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி விடுதியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறிய புதிது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலித் தகராறில் யாரும் அறுக்க அரிவாள் எடுக்கவில்லை. அப்பா வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று மட்டும் காதில் விழுந்தது. வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட் திறக்கும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன்.

எங்கள் வயலில் வேலை செய்தவரின் மகளும் என் வகுப்புதான், அதே விடுதிதான். கூலிக்காரர் சங்கத்தில் முன்னால் நின்றவர் அவள் அப்பா. அந்த வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

டிராயிங் வகுப்பில் சிஸ்டர் ஒரு பெரிய படத்தை மாட்டினார். மேகத்துக்குப் பின்னால் மூன்று தேவதூதக் குழந்தைகள். கொழுகொழு கன்னம், வெள்ளை இறக்கை. ஒன்று உதட்டில் விரல் வைத்திருந்தது. ஒன்று திரும்பிப் பார்த்தது. இன்னொன்று கீழே எட்டிப் பார்த்தது.

“இவங்க மனசுல என்ன இருக்கு? பார்த்துச் சொல்லுங்க,” என்றார்.

கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள் என்றாள் ஒருத்தி. பாலன் இயேசு தூங்குகிறார், அதனால்தான் சத்தம் கூடாது என்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி.

நான், “கீழ என்ன நடக்குதுன்னு இவங்களுக்கு யாரும் சொல்லல சிஸ்டர். அதான் எட்டிப் பாக்குறாங்க,” என்றேன்.

பின்பெஞ்சிலிருந்து எங்கள் ஊர்க்காரப் பெண் எழுந்தாள். “வாசல்ல யாரோ வந்திருக்காங்க சிஸ்டர். அப்பா எங்கன்னு கேட்டா வாயத் தெறக்கக் கூடாதுன்னு பெரியது சின்னதுக்குச் சொல்லுது.”

சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அதுவரை குறும்பாகத் தெரிந்த கண்களில் இப்போது பயம் தெரிந்தது.

மணி அடித்ததும் வராந்தாவில் அவளை மறித்தேன்.

“உங்க வீட்டுக்கு யாரு வந்தா?”

“போலீஸ். மாமா வந்து சொன்னாரு. அப்பாவக் காணோம்.”

“எங்கப்பா அனுப்புனாரா?”

“அத நீதான் சொல்லணும்.”

“சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவள் என்னை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை லீவு கேட்டு ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஊர் முனையில் போலீஸ் லாரியைப் பார்த்ததும் அவள் என் கையை இறுகப் பிடித்தாள், இறங்கும்போது விட்டாள்.

ரெண்டொரு நாளில் தாசில்தார் முன்னால் கூலி பேசி முடித்து, அறுப்பு தொடங்கியது. அவள் அப்பா கையில் கட்டுடன் திரும்பினார். எப்படி அடிபட்டது என்று என் அப்பாவிடம் கேட்டேன்.

“படிக்கிற வேலையப் பாரு,” என்றார்.

நான் முதலில் விடுதிக்குத் திரும்பினேன்; அறுப்பெல்லாம் முடிந்த பிறகே அவள் வந்தாள். விட்டுப்போன பாடங்களைக் கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன். அவள் அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்ற கேள்வி நாள் முழுக்க வாய் வரை வந்தும் கேட்க முடியவில்லை.