பூசையில் வைத்ததில் ஒவ்வொன்று

மச்சானின் தோட்டாக்களை நான்தான் அடுக்கினேன். குளுவாங்கில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, அதற்கென்று உள்ள அட்டைப்பெட்டியின் குழிகளில் நிறுத்தினேன். துடைக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூசை. துப்பாக்கி, பாராங் கத்தி, மருந்தடிக்கும் பம்ப்பு, ஸ்பேனர் இவற்றோடு தோட்டாக்களையும் சாமி முன்னால் பரப்பி, அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். தோட்டாக்களின் சிவப்பு பிளாஸ்டிக் உறையின் வரிகளில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

மச்சானுக்கு ரெங்கம் பக்கம் கொஞ்சம் செம்பனை நிலம் இருந்தது. அங்கே வரும் காட்டுப்பன்றிக்காக வாங்கியதுதான் துப்பாக்கியும் லைசன்ஸும். நிலத்தை விற்றுவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் சபாவில் ஒரு தோட்டத்தில் மேலாளர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்காவும் கூடப் போகிறாள். விமானத்தில் துப்பாக்கியையும் ஒரு பெட்டித் தோட்டாவையும் கொண்டுபோகப் போலீஸ் அனுமதி கிடைத்திருந்தது. துப்பாக்கியைக் கழற்றி ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாக்கள் அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியோடு வேறொரு பூட்டுப்பெட்டியில் போக வேண்டும். இரண்டும் விமானத்தின் அடியில் சரக்கோடுதான் ஏறும். கைப்பையில் எதுவும் கூடாது. இந்த மாதிரி வேலையென்றால் எங்கள் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கடைசிக் குழி காலியாக இருந்தது.

மேசைக்கு அடியில் பார்த்தேன். சாமி மேடையில் வாடிய பூவை ஒதுக்கிப் பார்த்தேன். அனுமதிக் கடிதத்தில் இருபத்தைந்து, பெட்டியில் இருபத்து நான்கு. மச்சானிடம் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“லைசன்ஸ் என் பேர்ல இருக்கு மச்சான். வேற ஆள் கையில ஒரே ஒரு வெடி இருந்தாலும் அந்த ஆளப் போலீஸ் உள்ள தூக்கிப் போட்டுரும். அப்புறம் வெளிய வர்றது கஷ்டம் லா.”

வேட்டைக்குப் போகிறவர்கள் தோட்டாவை வெடி என்பார்கள். அதே சொல்லோடு அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, வெடி ஏதாவது எடுத்தாயா என்று கேட்டார். வெடியை பிளேனில் கொண்டுபோக நான் என்ன கிறுக்கியா என்று குக்கர் சத்தத்துக்கு மேல் அக்காவின் பதில் வந்தது. மச்சான் சிரித்துவிட்டார். போன வாரம் பன்றியைச் சுட்டதில் ஒன்றைக் கணக்கில் விட்டிருப்பேன், போலீஸிடம் அப்படியே சொல்லிவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன். காலிக் குழி இடம் மாறியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை செனாய் விமான நிலையத்தில் நல்ல மழை. பெட்டிகளை வாங்கும் முகப்பில் இருந்த பெண் கடிதத்தைப் படித்துவிட்டுப் போலீஸுக்குத் தகவல் சொன்னாள். ஓர் அதிகாரி வந்து, இரண்டு பெட்டிகளையும் கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் அறைக்குள் கொண்டுபோனார். மச்சானை வெளியே காத்திருக்கச் சொன்னார். அக்காவும் நானும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கைப்பைகள் எக்ஸ்ரே எந்திரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா தன் பையை மடியில் வைத்து, அதற்குள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்று கேட்டேன்.

“சாமி முடிச்சுடா. புது வீட்டுல மொதல்ல இதுதான் உள்ள போவணும். பெட்டியில போட்டுக் கண்டவன் காலடியில உருள விடலாமா?”

“உள்ள என்ன இருக்கு?”

“மஞ்சள், உப்பு. அப்புறம் பூசையில வச்சதுல ஒவ்வொன்னு.”

பம்ப்பின் பித்தளை மூக்கு, ஸ்பேனரோடு கிடந்த ஒரு நட்டு என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பைக்குள் கைவிட்டு மஞ்சள் துணியை அழுத்திப் பார்த்தேன். நேற்றெல்லாம் துடைத்துத் துடைத்துப் பழகிய வடிவம் விரலில் பட்டது. நான் பையின் வாயை மூடுவதைப் பார்த்து அவள் முகம் மாறியது.

“தீவாளி வெடியக் கேக்குறாருன்னுல்ல நெனச்சேன்,” என்றாள்.

பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு கேமரா. மச்சானைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவர் அக்காவைத் திட்டவில்லை. கையை நீட்டினார்.

“குடு. இதைக் கட்டுனது நான், கொண்டாந்ததும் நான். நீங்க ரெண்டு பேரும் ஒன்னும் பேசாதீங்க.”

அறைக்குள் அவர் முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அதிகாரி தோட்டாவை எடுத்து, அதன் அடியில் இருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். காலிக் குழியில் நிறுத்தினார். மச்சான் நிறையப் பேசினார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவர், மறுபடி கட்டிக் காட்டச் சொல்வதுபோல், மஞ்சள் துணியையும் நூலையும் மச்சான் பக்கம் தள்ளினார்.

மச்சான் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான்கு முனைகளையும் உள்ளே செருகி, நூலின் நுனி வெளியே தெரியாமல் கட்டுவது அக்காவின் கை. மச்சான் உரமூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் ஒரு முடிச்சுப் போட்டார். அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தார்.

கதவைத் திறந்து வந்து, மலாயில், மரியாதையாகத்தான், அக்காவைக் கொஞ்சம் உள்ளே வரச் சொன்னார். அக்கா பையை என் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே யாரோ சன்னல் திரையை இறக்கினார்கள்.

சபா விமானத்துக்கான கடைசி அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் மச்சானின் பெயரையும் அக்காவின் பெயரையும் தட்டுத்தடுமாறி வாசித்தாள். சற்று நேரம் விட்டு மறுபடி வாசித்தாள். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை.