அக்காவுக்கு ஊற்றிய தோசைகள்

மாதத்துக்கு ஒருமுறை அக்காவை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. கிள்ளானிலிருந்து ரயில் பிடித்துப் போய் இறங்கி நடந்தால், ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் மனநல ஆலோசகரின் அறை. முப்பதைத் தாண்டிவிட்ட அக்கா அந்தப் படிகளில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறாள். ஒரு காலத்தில் எங்கள் பண்டமாரான் திடலை மூச்சு வாங்காமல் பத்துச் சுற்று ஓடியவள். இது எப்போது ஆரம்பித்தது என்று எல்லா டாக்டர்களும் கேட்டாயிற்று. சரியாக ஞாபகமில்லை என்கிறாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் முதலிலிருந்து சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மா மேருவில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அக்கா கராத்தே போட்டிகளுக்குப் போய்வந்தாள். வீட்டில் சாமி படங்களைவிட அவள் மெடல்கள்தான் அதிகம். அவளுடைய எடை ஐம்பத்திரண்டு கிலோ. அந்த எடைப் பிரிவில் அவளைவிடக் கெட்டிக்காரப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருநாள் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "நாப்பத்தெட்டுக்குக் கீழ இறங்கிடு லா. அங்க உன்னை அடிக்க ஆளே இல்ல. மாநில அணியில இடம் உனக்குத்தான்" என்றார். எதையாவது வாங்கி வா என்று கடைக்கு அனுப்புகிற மாதிரிதான் சொன்னார். எப்படி இறங்குவது என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

டயட் என்று சொல்லியிருந்தால் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பாள். வளர்கிற பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதாவது! அக்காவுக்கு அது தெரியும். அதனால், பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கப்போவதாகச் சொல்லி, தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கத் தொடங்கினாள். பகலில் கொஞ்சம் பாலும் பழமும், சாயங்காலம் ஒருவேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இந்தப் பக்தி வரும் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னாள். தைப்பூசம் முடிந்தது. விரதம் முடியவில்லை. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருபகவானுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. மிச்சமிருந்த புதனுக்கும் ஞாயிறுக்கும் வயிற்றுவலி வந்துவிடும். சாமியோடு சண்டை போட எந்த அம்மாவால் முடியும்? போதாக்குறைக்கு அவளே விளக்குக்குத் திரி திரித்துக் கொடுத்தாள். அம்மாவைக் குறை சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒருவேளைச் சாப்பாட்டில்தான் நான் வருகிறேன். பொழுது சாய்ந்ததும் அம்மா வேலையிலிருந்து வந்து, குளித்து, அக்காவுக்கென்று நெய் விட்டு மூன்று தோசை ஊற்றுவாள். தோசை ஊற்றுகிறவருக்கு முகம் அடுப்புப் பக்கம், முதுகு எங்கள் பக்கம். ஒவ்வொரு தோசையும் அக்காவின் தட்டில் விழுந்து, அம்மா திரும்பிய கணமே என் தட்டுக்கு வந்துவிடும். அம்மா மறுபடி பார்க்கும்போது அக்கா வாயைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "சீக்கிரம் சாப்பிடு பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் ஒவ்வொரு நாளும் காதோடு சொல்வாள். எனக்கு ஊற்றிய இரண்டோடு இந்த மூன்றும் சேர்த்து ஐந்து. நெய்த் தோசை வேறு. நான் ஏன் சொல்லப்போகிறேன்? அந்த மூன்று மாதத்தில் என் பள்ளிச் சீருடையை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்கள். அப்பா என்னை 'நம்ம வீட்டுக் குட்டி லோரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கோபம் வரும். ஆனாலும் மறுநாள் தட்டோடு போய் உட்கார்ந்துவிடுவேன்.

காலையில் அக்கா கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, அதன்மேல் சட்டை போட்டுத் திடலில் ஓடுவாள். வியர்வை கொட்டினால் எடை குறையுமாம். திரும்பி வந்து என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு எடை மிஷினில் ஏறுவாள். ஐம்பது. நாற்பத்தொன்பதரை. நாற்பத்தொன்பது. குறையக் குறைய அவள் சிரிப்பும் குறைந்தது. அந்த உச்சி வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு கிடந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. அதைப் பொறுக்கி எடுத்துப்போய் வெளியே போடுவதும் என் வேலையாயிற்று. எனக்கு அதெல்லாம் ஒரு விளையாட்டு. பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறதே என்ற கர்வம் வேறு.

அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை. சாமி மேடை முன்னால் விளக்கேற்றப் போன அக்காவின் கை நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. கண் மேலே செருகி அப்படியே சரிந்து விழுந்தாள். ஓடி வந்த அம்மா பிள்ளையைத் தூக்கவில்லை, கை கூப்பினாள். இத்தனை நாள் விரதத்துக்கு அம்மன் இறங்கிவிட்டாள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திருநீற்றை அள்ளி அக்காவின் நெற்றியில் பூசி, "யாரும்மா வந்திருக்கீங்க? என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டாள்.

அக்கா உதட்டை அசைத்தாள். "அம்மா... தண்ணி."

அந்தக் குரல் எந்தச் சாமியின் குரலும் இல்லை. அம்மா அப்போதுதான் அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் பின்வீட்டு மலாய்க்கார ஆன்டி சமையல் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

அப்பா காரை எடுத்தார். கிள்ளானில் ஒரு கிளினிக். டாக்டர் நம் தமிழ்ப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். இரண்டு மாதமாக இல்லை, பயிற்சி எடுக்கிற பெண்களுக்கு அப்படித்தான் தள்ளிப்போகுமாம் என்று அம்மா சொன்னாள். சாப்பாடு எப்படி என்று கேட்டதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லாத்தான் சாப்பிடறா டாக்டர். விரதம்னாலும் மூணு தோசை தவறாது. நான்தான் நின்னு ஊத்திப் போடறேன்."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நர்சைக் கூப்பிட்டு, அக்காவையும் அம்மாவையும் அடுத்த அறைக்கு எடை பார்க்க அனுப்பிவிட்டு, டாக்டர் என் பக்கம் திரும்பினார். அக்கா நிஜமாகவே சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

சொன்னால் அக்காவை அணியில் சேர்க்கமாட்டார்கள். தோசை முழுவதையும் தின்றது நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இன்னொன்றையும் மறைப்பானேன், நாளையிலிருந்து அந்த மூன்று தோசை கிடைக்காது. இந்த மூன்றில் எது என் வாயைக் கட்டியது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"மூணு தோசை, டாக்டர்" என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் திட்டமாட்டாங்க பாப்பா. சும்மா சொல்லு."

"சட்னியோட" என்றேன்.

டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார். இரும்புச் சத்து மாத்திரையும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். போட்டி முடியட்டும், போகலாம் என்று அப்பா கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். அடுத்த வாரம் மிஷின் நாற்பத்தேழரை காட்டியது, அணியில் இடம் கிடைத்தது, வீட்டில் கேக் வெட்டினார்கள். இரண்டு வருடத்தில் ஓடும்போதே அக்காவின் கால் எலும்பு விரிசல் விட்டது. அணி அவளை விட்டுவிட்டது. விரதம் மட்டும் விடவில்லை. அதற்குப் பின் நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கோப்புகளில் தடிமனாக இருக்கிறது, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என்னை அரிப்பது அதுவல்ல. அன்று திரும்பி வந்த காரில் நடந்தது. பின்சீட்டில் அக்காவும் நானும். அவள் காதருகே போய், "நான் சொல்லலக்கா" என்றேன்.

"கேட்டாங்களா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க. சொல்லவே இல்ல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இடம் கிடைத்துவிடும் என்ற சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, சில்லிட்டிருந்த அவள் கையை வீடு வரும்வரை பெருமையோடு பிடித்துக்கொண்டே வந்தேன். கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் இதே மாதிரிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சொல்லாதே என்று அன்று ஒருமுறைகூட அவள் என்னிடம் சொல்லவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.