படத்தில் என்ன தெரிந்தது

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஈயத் தகடு வைத்த கனமான கதவுக்குப் பின்னால் அவள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா. வந்தவரின் மோவாயைத் தொட்டு நிமிர்த்துவாள். நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிறுத்துவாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சுக்குங்க... விடுங்க" என்பாள். சட்டையை மாட்டிக்கொண்டே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏதாச்சும் தெரியுதாம்மா?" அவள் பதிலும் ஒன்றுதான்: "டாக்டர் சொல்வாருங்க."

அது ஆஸ்பத்திரியின் சட்டம், நியாயமான சட்டமும்கூட. ஆனால் அவளுக்கு அது அவ்வளவு சுலபமாகப் பழகிப்போனதற்கு வேறு காரணம் உண்டு. அவள் பிறந்த வீட்டில் கேள்வி கேட்பது என்றால் எதிர்த்துப் பேசுவது. "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்பதைக் கேட்டே வளர்ந்தவள். ஒருமுறை அம்மா ஏன் இரண்டு நாளாகப் பேசவில்லை என்று கேட்டதற்கு அப்பாவிடம் அடி வாங்கினாள். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. நல்ல பெண் என்று பெயர் எடுத்தாள்.

கட்டிக்கொண்டவன் இதற்கு நேர் எதிர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஏணி மேல் நின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவான். மகளை முதலில் 'என் குட்டி' என்றுதான் கூப்பிட்டான். அவள் பேச ஆரம்பித்து, வாயைத் திறந்தாலே ஏன், ஏன் என்று வந்ததும் அது 'ஏன்குட்டி' ஆகிவிட்டது.

ஏன்குட்டி அம்மாவிடம் வந்து எதையாவது கேட்டால், "அப்பாவைக் கேளு" என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொல்லிவிடுவாள். அப்பாவிடம் போனால் பாதிக் கேள்விகளுக்கு, "தெரியலையே குட்டி, பாத்துடலாமா?" என்பான். அப்படித்தான் ஒருநாள், "இந்தச் சுவத்துக்குள்ள பழைய கலரெல்லாம் இன்னும் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். அவன் பட்டி தடவும் தகட்டை எடுத்து, கூடத்துக் கட்டிலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிக் காட்டினான். வெள்ளைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் மங்கிய மஞ்சள், அதற்கும் அடியில் பச்சை. இருவர் தலையிலும் தூசி. "பச்சை வீட்டுல யாருப்பா இருந்தாங்க?" என்று அவள் கேட்க, பெரிய மீசை வைத்த ஒருவரையும் அவருடைய குண்டுப் பூனையையும் இருவருமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தபோது அம்மா வேலை முடிந்து வந்தாள்.

"ஐயோ, வாடகை வீடுங்க! வீட்டுக்காரர் பாத்தாருன்னா நம்மளைச் சுரண்டி வெளிய போட்டுருவாரு."

"புள்ள கேட்டுடுச்சே. காட்டாம எப்படி?"

அந்த வருஷக் கடைசியில் அவனுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். அன்று வேலையில் இருந்தவள் அவள்தான். கணவனின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் என்னை நிமிர்ந்து நிக்கச் சொல்ற" என்று அவன் சிரித்தான். அவள் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம், கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு.

"என்னம்மா தெரியுது?"

"டாக்டர் சொல்வாரு" என்று வாய் தானாகச் சொன்னது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான்.

புற்று என்று தெரிந்தது. கை நரம்பில் ஏற்றும் மருந்து தொடங்கியது. அவளுடைய அண்ணன் வந்து எல்லோருக்கும் தைரியம் சொன்னார். போகும்போது அவளைத் தனியாக அழைத்து, "பச்சப் புள்ளைகிட்ட எதையும் சொல்லி வைக்காத. சளின்னு சொல்லிடு" என்றார். அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது. அவனுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

"சளிக்கு ஏன்மா முடி கொட்டுது?"

"சும்மா இரு."

"எனக்குச் சளி பிடிச்சா எனக்கும் கொட்டுமா?"

"அப்பா தூங்கட்டும். அந்தப் பக்கம் போய் விளையாடு."

கொஞ்ச நாளில் கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி, வீடு, மருந்து என்று ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர்தான் சொன்னார்: "உங்க பொண்ணு இப்ப ரொம்ப சமத்தாயிட்டா. வாயே திறக்கறதில்ல." பாராட்டாகத்தான் சொன்னார். சின்ன வயதில் அவளைப் பற்றி ஊரே சொன்ன பேச்சு அது.

வீட்டுக்கு வந்து மகளைக் கவனித்தாள். அப்பா கூப்பிட்டால் குழந்தை அறை வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போவதில்லை. கூடத்துக் கட்டிலுக்குப் பின்னால் பெருக்கும்போது, சுரண்டிய இடத்தின் மேல் காகிதத் துண்டுகளைச் சோற்றுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். மகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, அப்பாவிடம் அடி வாங்கிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளே கேட்டாள்:

"ஏன் கண்ணு இதை மூடி வெச்சிருக்க?"

குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னது. "நான் கேட்டதாலதானே அப்பா சுரண்டுனாரு. தூசி அவர் மூக்குல போயிடுச்சு. இனிமே நான் கேக்க மாட்டேம்மா."

அவள் எழுந்து பீரோவுக்கு மேலிருந்த கணவனின் எக்ஸ்ரே படத்தை எடுத்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கணவனின் அறைக்குப் போனாள். ஜன்னலில் நல்ல வெயில். படத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"பாரு. இது அப்பாவோட விலா எலும்பு. இது இதயம். இந்தக் கருப்பு ரெண்டும் நுரையீரல், மூச்சு விடற இடம். இந்த வெள்ளைதான் நோவு. சளி இல்ல. அம்மா பொய் சொல்லிட்டேன்."

கட்டிலில் படுத்திருந்தவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"தூசியாலயா?"

"இல்ல. இது நீ கேக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள வந்துடுச்சு. நீ கேட்டதால எதுவும் வரல."

"அப்ப எதனால?"

"தெரியல. டாக்டருக்கும் சரியா தெரியல."

குழந்தை படத்தையே பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. "நீ செத்துப் போயிடுவியாப்பா?"

அவள் படத்தைக் கீழே இறக்கினாள். அவன்தான் சொன்னான். "போனாலும் போகலாம் குட்டி. மருந்துக்கு நோவு கேட்டா போகாமயும் இருக்கலாம். எனக்கே தெரியல. தெரிஞ்சா உன்கிட்ட சொல்றேன். இங்க வா."

குழந்தை போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, முடி இல்லாத தலையில் எறும்பு ஏறினால் கூசுமா என்று கேட்டது.

விஷயம் தெரிந்து அண்ணன் சத்தம் போட்டார். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பிஞ்சு மனசு அது." "பிஞ்சு மனசுதாண்ணா. அதனாலதான் தனியா விடல" என்றாள். அண்ணனை அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதன்பின் மருந்து ஏற்றும் அறைக்கு ஏன்குட்டியும் வந்தாள். சொட்டு ஏன் மெதுவாக விழுகிறது, வேகமாக விட்டால் சீக்கிரம் குணமாகுமா என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் நின்று பதில் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் மருந்தைப் பற்றியும் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

மருந்துக்கு நோவு கேட்கவில்லை. அவன் அதை ஒரு காலை நேரத்தில் மகளிடம் தானே சொன்னான், சொல்வதாக ஒப்புக்கொண்டபடி. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனான்.

கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். "அப்பாவுக்குக் குளிருமா?" என்று குழந்தை சத்தமாகக் கேட்டதும் நாலாபக்கமும் "உஷ்" என்று அடக்கினார்கள். "கேக்கட்டும், விடுங்க" என்றாள் அவள். பக்கத்தில் உட்காரவைத்து, உடம்புக்கு இனிமேல் குளிராது, வலிக்காது, பசிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழந்தை அப்பாவின் விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

எல்லோரும் போனபின் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்த மகள் கேட்டாள்.

"நீ ஏன்மா அழவே இல்ல?"

"தெரியல கண்ணு" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் வராத அழுகை வந்தது. மகள் நகர்ந்து வந்து அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு, அது தீரும்வரை எதுவும் கேட்காமல் இருந்தாள்.