ஏறுகிறவர்களுக்கு வழி

எங்கள் தெருவில் சனிக்கிழமை காலைகளில் சைக்கிள்கள் காரில் போகும். சைக்கிளில் மனிதர் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மனிதருடைய காரில் சைக்கிள் போவதைக் கனடாவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். காரின் பின்னால் ஒரு கம்பிச் சட்டம், அதில் தடித்த டயர் போட்ட இரண்டு மூன்று சைக்கிள்கள். சாமிக்குத்தான் வாகனம் உண்டு என்று நினைத்திருந்த எனக்கு, சைக்கிளுக்கும் ஒரு வாகனம் இருப்பது வேடிக்கையாக இருந்தது. இவர்கள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தேன். மலைக்காம். மலையில் என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. ஏறுவார்கள், இறங்குவார்கள், உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு மத்தியானம் திரும்புவார்கள். முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுச் சந்தோஷம். இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நாங்கள் வேலை இல்லாமல் மலை ஏறியதே கிடையாது. கொழுந்து எடுக்க ஏறுவோம், விறகு பொறுக்க ஏறுவோம். யாராவது சும்மா ஏறினால், "என்ன புள்ள, வீட்ல சண்டையா?" என்று கேட்பார்கள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், இப்போது என் காரின் பின்னாலும் ஒரு சைக்கிள் தொங்குகிறது. வான்கூவருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் டயான்தான் என்னை இதில் இழுத்துவிட்டாள். என் வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். நாற்பது வயதில் நான் ஹெல்மெட் மாட்டியபோது என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் முதல் நாள் காட்டுக்குள் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எனக்குப் புதிய இடம் இல்லை என்று. ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், காலுக்குக் கீழே வேரும் கல்லும் ஈரமும். இவர்கள் இதற்கு ட்ரெயில் என்று பெயர் வைத்து, வரைபடம் போட்டு, பலகை நட்டிருக்கிறார்கள். நாங்கள் குறுக்குப் பாதை என்போம். கல்லைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், சைக்கிள் தானாகப் போகும் என்றாள் டயான். தலையில் சுமையோடு இறங்குகிற எங்கள் பெண்கள் அனைவருக்கும் அது தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு வரவில்லை. எதிரே யாராவது வருவது தெரிந்தால் போதும், என் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். சைக்கிளை விட்டு இறங்கி, பாதையை விட்டும் இறங்கி, பள்ளப் பக்கமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இது விளங்கவில்லை. பாதையோரம் ஒருத்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஏதோ பழுது என்று அர்த்தம். ஒவ்வொருவரும் நின்று "யூ ஓகே?" என்று கேட்பார்கள். ஒருநாள் ஒரு தாடிக்காரர் என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பையிலிருந்து பம்பை எடுத்து, டயரில் இல்லாத ஓட்டையைப் பத்து நிமிஷம் தேடினார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றக் கூடாதே என்று, ஓட்டை இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட வேண்டிக்கொண்டேன். கடைசியில் அவர் காற்று மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

பின்னால் வந்து இதைப் பார்த்த டயானுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ ஏறிக்கொண்டிருந்தாய், அவர் இறங்கிக்கொண்டிருந்தார், ஏறுகிறவருக்குத்தான் வழி, இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும், இங்கே அதுதான் முறை, நீ எதற்காக இறங்கினாய் என்று கேட்டாள். மரியாதைக்கு என்றேன். யாருக்கு மரியாதை என்றாள். அதற்கு என்னிடம் ஆங்கிலத்தில் பதில் இருக்கவில்லை.

தமிழில் இருந்தது. என் அப்பா தோட்டத்தின் தபால்காரர். நமுனுகுல தபால் கந்தோருக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் இடையே கடிதப் பையைச் சுமப்பது அவர் வேலை. அதற்காகத் தோட்டம் கொடுத்த கறுப்புச் சைக்கிள் ஒன்று இருந்தது. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவார், இறக்கத்தில் ஏறி வருவார். தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா வளைவு வந்ததும், இறக்கமாக இருந்தாலும் இறங்கிவிடுவார். வளைவு தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அவர் மட்டுமில்லை, தோட்டத்துப் பாதைகளில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். துரையோ ஆபீஸ்காரரோ எதிரே வந்தால் மலைப் பக்கம் அவர்களுக்கு, பள்ளப் பக்கம் நமக்கு. தலையில் எவ்வளவு சுமை இருந்தாலும் நாம்தான் தேயிலைக்குள் இறங்கி நிற்க வேண்டும். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் அப்பாவோடு வந்தேன். துரை கொழும்புக்குப் போயிருந்தார், பங்களாவில் தோட்டக்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. அப்பா அப்போதும் இறங்கினார். "யாருக்குப்பா இறங்குறீங்க? ஒருத்தரும் இல்லையே!" என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "பழகிருச்சு புள்ள. இந்த எடத்துல ஏறி உக்காந்து போனாத்தான் விழுந்துருவோமோன்னு இருக்கு" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று வீடு வரை அவரோடு பேசவில்லை. பெரிய ரோஷக்காரி நான். அப்படிப்பட்ட நான்தான் இருபத்தாறு வருஷம் கழித்து, கனடாக் காட்டுக்குள், யாரென்றே தெரியாத தாடிக்காரருக்காகப் பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கின் சந்தோஷத்தில் நான் ஊருக்கும் ஒரு வேலை செய்து வைத்தேன். என் தம்பி சிவா தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நேரம் அது. நம்ம குறுக்குப் பாதை உலகத் தரமான ட்ரெயில்டா என்று அவனுக்குச் சொன்னேன். வீடியோக்கள் அனுப்பினேன், ஹெல்மெட்டுகள் அனுப்பினேன். அவன் கெட்டிக்காரன். பழைய மலைச் சைக்கிள்கள் நான்கைத் தேடிப்பிடித்து, தோட்டத்தில் அனுமதி வாங்கி, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களை மேல் ரோட்டில் இருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கமாகக் கீழ் ரோடு வரை கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினான். இரண்டு வருஷத்தில் அதுவே அவன் பிழைப்பாகிவிட்டது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. என் தம்பி நிமிர்ந்துவிட்டான், அதற்கு நான் காரணம் என்று எனக்குள் ஒரு கர்வம்.

போன வருஷ விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மறுநாள் காலையே என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினான். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர், சிவா, நான். மேல் ரோட்டில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் இருந்து இறங்கத் தொடங்கினோம். பனி விலகிக்கொண்டிருந்தது. சீட்டை இறக்கிவிட்டு, பெடலில் எழுந்து நின்று, சிறுவயதில் சறுக்கி விழுந்த அதே கற்களின் மேல் டயர் குதித்துப் போனபோது வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் போன சிவா "சைட்! சைட்!" என்று குரல் கொடுத்தான். வளைவு திரும்பியதும் எட்டுப் பத்துப் பெண்கள். காலைக் கொழுந்தை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு மடுவத்துக்கு ஏறிவருகிறார்கள். சிவாவின் குரல் கேட்டதுமே ஒருவர் பின் ஒருவராகப் பள்ளப் பக்கம் தேயிலைக்குள் இறங்கி, சுமையோடு தலை குனிந்து நின்றுவிட்டார்கள். சிவா போனான். அவன் பின்னால் கொழும்புக்காரர்கள் போனார்கள். நான் பிரேக்கைப் பிடித்தேன்.

கடைசியில் நின்றவள் வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். இடது கையால் மட்டும் மூட்டையைப் பிடித்தபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "போங்கம்மா, போங்க. நாங்க ஒதுங்கிக்கிறோம்" என்றாள். குரல் தெரிந்த குரல். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி. ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"ராணி, நாந்தான்டி, மலர்."

"அடிப்பாவி, நீயா! நான் யாரோ தொரசாணின்னுல்ல நெனச்சேன்!"

துரையின் மனைவியைத்தான் எங்கள் பக்கத்தில் துரைசாணி என்போம். ராணி சிரித்தாள், மற்றப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றது. கையில் என்ன என்று கேட்டேன்.

"போன கெழம சைக்கிள் வந்துச்சு. ஒதுங்குனேன், சறுக்கி கானுக்குள்ள விழுந்துட்டேன். நாந்தான் பாத்து நின்னுருக்கணும்" என்றாள். தேயிலை நிரைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய குழிதான் கான், ஆள் இடுப்பளவு இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திங்கக்கெழம தொரகிட்ட போறாங்கடி எல்லாரும். சைக்கிள நிப்பாட்டச் சொல்லி. என்னையும் வந்து கையக் காட்டச் சொல்றாங்க. சிவா நம்ம தம்பி, நான் என்னத்த சொல்லட்டும்?" என்றாள். விழுந்தவள் அவள், கேள்வி கேட்கிறவளும் அவள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் வீட்டில் சிவாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் யாரையும் எறங்கச் சொல்லலக்கா. அவங்களா ஒதுங்குறாங்க."

"அப்ப 'சைட் சைட்'னு கத்துறது யாரு?"

"நீ அனுப்புன வீடியோவுலயும்தானே கத்துறாங்க? அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்க பிரேக் புடிக்கவா வர்றாங்க? இந்தப் பாதைய விட்டா எனக்கு வேற பாதை இல்லக்கா."

 அதுவும் உண்மைதான். திங்கட்கிழமை அந்தப் பாதை மூடப்பட்டால், மூன்று பிள்ளைகளோடு அவன் மறுபடியும் எங்கே போவது? மூடப்படாவிட்டால், ராணி இன்னும் எத்தனை தடவை கானுக்குள் இறங்குவது? யோசித்துப் பார்த்தேன், டயான் சொன்னது தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "அங்க ஏறுறவங்களுக்குத்தான்டா வழி. எறங்குறவன் நிக்கணும். அதுதான் அந்த ஊரு சட்டம்" என்றேன். முறை என்றுதான் டயான் சொன்னாள், நான் சட்டமாக்கிவிட்டேன்.

சிவா நிமிர்ந்தான். "அப்படியா? கனடாவுலயே அப்படியா?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பெண்கள் சுமையோடு பள்ளத்தில் நின்றது இவன் கண்ணில் படவில்லை, ராணியின் கை படவில்லை. கனடா என்றதும் பட்டுவிட்டது. ஆனால் வெட்கம் பார்க்காமல் அந்தக் கனடாவையே பிடித்துத் தொங்கினேன். அங்கே நிற்காதவனை யாரும் மதிக்க மாட்டார்கள், வெள்ளைக்காரனே இறங்கி நிற்பான் என்று அளந்துவிட்டேன். தாடிக்காரரின் கதையைக்கூடக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து மிஞ்சிக் கிடந்ததால் அரைநாள் வேலை போட்டிருந்தார்கள். சிவா மூன்று பேரைக் கூட்டிவந்தான். புறப்படும் முன்னே, வழியில் ஆட்கள் ஏறிவந்தால் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னான். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அதே வளைவில் பெண்கள் வருவது தெரிந்ததும், "எறங்குங்க" என்று சொல்லி அவனே முதலில் இறங்கினான். நாங்கள் எல்லோரும் பாதையை விட்டுப் பள்ளப் பக்கம் தேயிலைக்குள் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் நினைத்தபடி நடக்கவில்லை. எங்களைக் கண்டதுமே அவர்களும் கீழே தேயிலைக்குள் இறங்கிவிட்டார்கள். மேலே நாங்கள், கீழே அவர்கள், இரண்டு கூட்டமும் தேயிலைக்குள். நடுவில் பாதை வெறுமனே கிடந்தது. "நீங்க போங்க" என்றான் சிவா. "இல்லங்க தம்பி, நீங்க போங்க" என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. சுமை கனத்து ஒருத்திக்குக் கழுத்து நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் ராணிதான் பாதையில் கால் வைத்தாள். யாரையும் பார்க்காமல், ஒற்றைக் கையால் மூட்டையைப் பிடித்தபடி, மலைப் பக்கமாக ஏறிவந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். என்னைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள். ஹெல்மெட்டும் கையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "என்னடி, அப்படியே ஒங்கப்பா மாதிரி நிக்கிற" என்றாள். சொல்லிவிட்டு ஏறிப் போனாள். எத்தனையோ வருஷமாக வெட்கப்பட்ட அந்த நிற்பு, அப்போது எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அப்பாவிடம் அதைச் சொல்லத்தான் முடியாது, அவர் போய் ஆறு வருஷமாகிவிட்டது.

திங்கட்கிழமை அவர்கள் துரையிடம் போகவில்லை. பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிவா இப்போது அந்த வளைவில் எல்லோரையும் இறக்கிவிடுகிறான். சிலர் முணுமுணுக்கிறார்களாம், சிலர் அதைத்தான் படம் பிடிக்கிறார்களாம். ராணியின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஈரம் பட்டால் மட்டும் இன்னும் வலிக்கிறது என்று போனில் சொன்னாள்.

நான் திரும்பி வந்த முதல் சனிக்கிழமை டயானோடு மலைக்குப் போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்று, வா என்று கைகாட்டினார். என் கால் தரையைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு பெடலிலேயே வைத்திருந்தேன். முதல் தடவையாக இறங்காமல் ஒருவரைத் தாண்டினேன். பின்னால் டயான் "யெஸ்!" என்று கூவினாள். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஈரமண்ணில் என் டயர்த் தடம் தெளிவாகத் தெரிந்தது. பாதையின் பள்ளப் பக்க விளிம்பிலேயே அது வந்திருந்தது. மலைப் பக்கம் முழுவதும் யாருக்கோ விட்டுவைத்தபடி காலியாக இருந்தது.