கைப்பிடியில் சுட்ட குறி

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் அடித்திருந்தார்கள். ஒரே அடி. கேதீஸ் வாய்க்காலுக்குள் முகங்குப்புற விழுந்தான். மூன்றாம் நாள் மூளை செத்துவிட்டதென்று டாக்குத்தர்மார் சொன்னார்கள். தாய் அன்னப்பூரணி கையெழுத்து வைத்தாள். நீதவானும் அனுமதித்தார். இருதயம் துடித்துக்கொண்டிருந்த உடம்பிலிருந்து இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்தார்கள்.

ஒன்று உதயரூபனுக்கு வைக்கப்பட்டது. யாருடையதென்று அவனுக்குச் சொல்லவில்லை. அது ஆஸ்பத்திரியின் வழக்கம்.

உதயரூபன் மண்டூருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். வீடும் இரண்டு ஏக்கர் வயலும் மனைவி வதனியின் சீதனம். அவன் கொண்டுவந்தது ஒரு மண்வெட்டி. கலியாணம் முடித்த வருடம் மாடுகளுக்குக் குறி சுட்டபோது, வதனியின் தாய்வழிக் குடிக்குரிய அதே குறியைத் தன் மண்வெட்டிக் கைப்பிடியிலும் சுட்டான். தானும் அந்தக் குடிக்குள் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. இரும்பு வழுக்கி, குறி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை விழுந்தது. பெருவிரலும் வெந்தது.

“மம்பெட்டி கண்டுக்குட்டி போடுமா மாப்பிள்ள?” என்று மாமனார் சிரித்தார்.

நாற்பத்து நான்காவது வயதில் உதயரூபனின் சிறுநீரகம் பழுதானது. இரண்டு வருடம் மெசினில் இரத்தம் சுத்திகரித்தார்கள். அந்த நாட்களில் வயலை வதனியின் தம்பி நிதுர்ஷன்தான் செய்தான், அதே மண்வெட்டியால். சத்திர சிகிச்சைக்குப் பிறகு உதயரூபன் கிருமி தொற்றக்கூடாதென்று நாவற்குடாவில் ஒரு அறையில் மூன்று மாதம் இருந்தான். போன் வதனியின் கையில் இருந்தது. ஊர்ப்புதினம் எதையும் அவள் சொல்லவில்லை.

வீடு திரும்பிய இரண்டாவது கிழமை, படகுப்பாதையில் வாவியைக் கடந்து அன்னப்பூரணி வந்தாள்.

“உதயரூபன் எண்டுறது நீயா மகன்?”

“ஓம்.”

“கிட்னி வெச்சது எந்தப் பக்கம்?”

அவன் கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போனது.

“அது என்ட மகன்ட. வார்ட்டுல கூட்டுற புள்ள சொன்னாள்.”

அவள் அழவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பொலிஸ் மேசையில் கிடந்த மண்வெட்டி.

“உங்கட வயல் வட்டைக்குள்ளதான் அடிச்சது. பக்கத்து வயல என்ட புள்ள குத்தகைக்குச் செஞ்சான். தண்ணிச் சண்டை. உன்ட மச்சினன்தான், எனக்குத் தெரியும். பொலிசு கேட்டா, இந்தக் குறி நாப்பது வீட்டுல கிடக்கு, இது எங்கட இல்ல எண்டானாம். மறுகா ஒருத்தரும் வாய் திறக்கல்ல.”

உதயரூபன் படத்தைப் பெரிதாக்கினான். குறி இரட்டையாக விழுந்திருந்தது.

“நீ சொன்னாத்தான் முடியும் மகன்” என்று அவள் எழுந்தாள்.

பின்னேரம் நிதுர்ஷன் வந்தான். உதயரூபன் நேரடியாகக் கேட்டான்.

“ஓம் அத்தான், அடிச்சன். உங்கட பயிருதான் கருகிச்சு. தண்ணிய மறிச்சுப்போட்டுச் சிரிச்சான். அடிச்சன்.”

“நாளைக்குப் பொலிசுக்குப் போறன்.”

நிதுர்ஷன் கதிரையை உதைத்தான். உதயரூபன் விழுந்தான். முழங்கால் அவன் நெஞ்சில் ஏறியது. வாயில் குத்து விழுந்தது, மறுபடியும் விழுந்தது. ஒரு பல் நாக்கில் தட்டுப்பட்டது.

“நான் அடிச்சபடியாத்தான் நீ மூச்சு விடுறாய். அவன்ட தாயா தந்தவ? நான் தந்த கிட்னிடா அது. தந்தவனுக்குப் புடுங்கவும் தெரியும்.”

அவனது கை வலது அடிவயிற்றை நோக்கி இறங்கியது. வாசலில் நின்ற வதனி அப்போதுதான் கத்தினாள்.

“அந்தப் பக்கம் அடிக்காதடா!”

நிதுர்ஷன் இடது விலாவில் அடித்தான். அவள் தடுக்கவில்லை. அவன் களைத்துப் போன பிறகு கிட்ட வந்து புருசனின் வாயைத் துடைத்தாள்.

“இது என்ட வீடு. அவன் என்ட தம்பி. போனா இஞ்ச வராதீங்க.”

காலையில் உதயரூபன் பொலிசுக்குப் போனான். வீங்கிய வாயைப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரி பேனையை எடுத்தார்.

“மம்பெட்டி உங்கட எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

உதயரூபன் மேசையில் கொண்டுவந்து வைத்த மண்வெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். பெருவிரலின் பழைய தழும்பு இரட்டைக் குறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரும்பு வழுக்கிய கதையைச் சொன்னான். இரவு நிதுர்ஷன் ஒத்துக்கொண்டதையும் சொன்னான். எழுதி முடிய ஒரு மணித்தியாலம் போனது. இடையில் எட்டு மணி மருந்துக் குளிசைக்குத் தண்ணீர் கேட்டான். உடைந்த பல்லில் தண்ணீர் பட்டதும் கண் இருண்டது.

மத்தியானம் பொலிஸ் ஜீப் நிதுர்ஷனை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த உதயரூபனைக் கடந்து போனது.

வீட்டுப் படலை பூட்டியிருந்தது. அவனுடைய சாரன்களும் சேட்டுகளும் றோட்டில் எறிபட்டுக் கிடந்தன. ஒரு நாய் அவற்றின்மேல் படுத்திருந்தது. படலைக் கம்பியில் குளிசைப் பை, வெயில் படாமல் துணி சுற்றித் தொங்கியது. உள்ளே ஒரு கடதாசித் துண்டு. காலை எட்டு, இரவு எட்டு, எது எத்தனை என்று வதனி எழுதியிருந்தாள்.

பையைக் கழற்றிக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தான்.