பம்புக்கு வைத்த சந்தனம்

மும்பை குர்லாவில் லாரிச் சக்கரங்களுக்கு வேலை பார்க்கும் பட்டறையில் பிரஸ் என் பொறுப்பு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் புது பேரிங்கை அழுத்தி ஏற்றுவேன், தேய்ந்ததை வெளியே தள்ளுவேன். பல வருடங்கள் கைப்பிடியை அடித்து அடித்துத்தான் அந்தப் பிரஸ்ஸுக்கு எண்ணெய் அழுத்தம் கொடுத்தேன். போன வருடம் வலது தோள் மக்கர் பண்ணியது. சட்டை மாட்டக்கூட மனைவி கையைப் பிடித்துவிட வேண்டியிருந்தது. பிரஸ்ஸை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது.

முதலாளி பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் இடது கையால் கைப்பிடியை அடிப்பதைச் சில நாள் பார்த்தார். ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம் டெம்போவிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். காற்றில் ஓடும் எண்ணெய் பம்ப். கம்ப்ரஸர் காற்றை அதற்குக் கொடுத்துப் பெடலை மிதித்தால் போதும், அதுவே எண்ணெயைத் தள்ளிப் பிரஸ்ஸின் தண்டை இறக்கும்.

"கால் நல்லாத்தான இருக்கு ஒமக்கு?" என்றார்.

"இருக்கு பாய்."

"அப்ப மிதியும்வே. சரியில்லன்னா மாசக் கடைசிக்குள்ள திருப்பி எடுத்துக்கிடுதேன்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்."

நானே பொருத்தினேன். கால் வழுக்காத, சமமான தரையாகப் பார்த்து வைத்தேன். காற்றுக் குழாயில் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தைத் திறந்து வடித்தேன். மும்பை ஈரத்தில் அது தினமும் செய்ய வேண்டிய வேலை. எண்ணெய்க் குழாய் மடங்காமலும், அதன்மேல் ஹப் எதுவும் உருண்டு விழாதபடியும் சுவரோரமாக விட்டேன். பிரஸ் தண்டு முழுக்க மேலே ஏறியிருக்கும்போதுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது பார்த்து ஊற்றினால், தண்டு திரும்பி ஏறும்போது பம்பின் எண்ணெய் டாங்கி வழிந்துவிடும். பாரம் எதுவும் வைக்காமல் மேலும் கீழும் ஓட்டி, உள்ளே மாட்டிய காற்றைப் போக்கினேன். பிறகு ஒரு பேரிங்கை வைத்து மிதித்தேன். அது முனகாமல் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு இரவு நான் வழக்கத்தைவிட ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டதை மனைவி கவனித்துவிட்டாள்.

ஆயுத பூசைக்கு அவள் தாராவியிலிருந்து பட்டறைக்கு வருவது வழக்கம். பாய் பொரிகடலையும் பூவும் வாங்கி வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது அவள்தான்.

புதுப் பம்பைப் பார்த்ததும் கேட்டாள், "இதுதான் உங்க தோளக் காப்பாத்துன மவராசனா? இதுக்கு நெத்தி எங்க இருக்கு?"

டாங்கியின் உச்சியில் ஒரு சின்ன மூடி தெரிந்தது. மற்ற மிஷின்களுக்கெல்லாம் விரல் நுனியால் தொட்டு வைத்தவள், இதற்கு மட்டும் அந்த மூடி மறையும்படி சந்தனத்தை அப்பினாள். அதன்மேல் குங்குமம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விஜயதசமி லீவு முடிந்து பட்டறை திறந்த காலையில் ஒரு ஹப் காத்திருந்தது. லாரிக்காரர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். பெடலை மிதித்தேன். பம்ப் டிக்டிக்கென்று அடித்தது. தண்டு பாதி இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது.

காற்று போதுமா என்று பார்த்தேன். போதும். தண்ணீரை வடித்தேன். டாங்கியில் எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன், தண்டு பாதி இறங்கியும் எண்ணெய் மிச்சம் இருந்தது. குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்று ஓர் அட்டையை அதை ஒட்டியே நகர்த்திப் பார்த்தேன். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வந்தாலும் தோலுக்குள் புகுந்துவிடும். அட்டையில் ஒரு சொட்டும் இல்லை.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "திருப்பிக் குடுத்துருவோம்வே. வேற வாரவரைக்கும் பழைய கைப்பிடிய யாராவது அடிக்கட்டும்."

யாராவது என்றால் நான் இல்லை.

"இங்கன லூசா இருக்குமோ?" என்று அவர் குனிந்து, எண்ணெய்க் குழாய் இணைப்பைத் திருகப் போனார்.

"கைய எடுங்க பாய்!"

அந்தப் பட்டறையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பாய் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். டீயோடு லாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

பெடலின் மறுமுனையை மிதித்து அழுத்தத்தை இறக்கினேன். தண்டு முழுக்க மேலே ஏறியபின் காற்றை அடைத்து, காற்றுக் குழாயைக் கழற்றினேன். இணைப்பைப் பார்க்க மண்டியிட்டபோதுதான் அந்த மூடி என் கண்ணுக்கு நேரே வந்தது.

காலையில் பம்பு முழுவதையும் துடைத்திருந்தேன், அந்த இடத்தைத் தவிர. பூசைப் பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். அந்த மூடியில்தான் டாங்கி மூச்சு விடும் துளை இருக்கிறது. எண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் பம்பால் எண்ணெயை இழுக்க முடியாது. சந்தனம் காய்ந்து சிமெண்ட்டாக நின்றது.

மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, தூள் உள்ளே விழாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். மூடியைத் தளர்த்தியதும் டாங்கி 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. மூடியைக் கழுவிக் காயவைத்துத் துளையைப் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது. திரும்ப எல்லாம் மாட்டி மிதித்தேன். தண்டு அடிவரை இறங்கியது.

"என்னவே செஞ்சீரு?"

மஞ்சளாக இருந்த விரலைக் காட்டினேன். பாய் அதைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, மிஷினுக்கு மூக்க அடச்சுப் போட்டியேம்மா! மூச்சு முட்டிக் கெடந்துச்சு."

"உச்சந்தலையில மூக்கு உள்ள மிஷின நீங்க வாங்கிட்டு வந்தா நான் என்ன செய்ய அண்ணாச்சி?" என்றாள். சட்டென்று குரல் இறங்கியது. "அவுக கைப்பிடிய அடிக்கலையே?"

"அடிக்கல. காலால மிதிச்சுக்கிட்டு ராசா மாதிரி நிக்காரு. என்னையே ஒரு சத்தம் போட்டாரு, கேட்டுக்கோ."

"இவுகளா? சத்தமா?" அவள் நம்பவேயில்லை.

அன்று சாயங்காலம் பாய் சிவப்பு பெயிண்ட் எடுத்து, டாங்கியின் பக்கவாட்டில் கோணலாக ஒரு வட்டம் போட்டார். "வார வருசம் பொட்டு இங்கன," என்றார்.

இந்த வருடம் அவள் அந்த வட்டத்துக்குள்தான் வைத்தாள், அதே கனத்தில். வைத்த பிறகு எழுந்திருக்காமல், உச்சியிலிருந்த மூடியை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் எனக்காக எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையை நானே மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.