பத்தரை மணி நேரத் தூரம்

விமான டிக்கெட் போடும் அந்தச் சின்ன ஆபீசில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்குக் 'கிலோமீட்டர் சார்' என்று பெயர் வைத்தது எந்தப் புண்ணியவானோ தெரியாது. எந்த ஊருக்கு எந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், நடுவில் எங்கே இறங்கிக் கொட்டாவி விட வேண்டும், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மனுஷன் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை.

மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது அவர் மனைவி அழுது தீர்த்தாள்.

"ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்னா பெருசாத்தான் தெரியும். நேர் ஃப்ளைட்ல பத்தரை மணி நேரம். கூப்பிட்டா மறுநாள் வாசல்ல வந்து நிப்பான்" என்று அவர்தான் தேற்றினார். டிக்கெட் எடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட பேச்சு. அவளும் நம்பினாள். ஆறு வருஷத்தில் அவன் வந்தது ஒரே தரம். அதுவும் ஐந்து நாள், அதில் பாதி நேரம் போனும் கையுமாக.

இப்போது அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவனை ஒரு தடவை பாத்துட்டு உள்ள போறேங்க."

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வந்ததும் மகன் பெயரில் மறுநாள் ஃப்ளைட்டில் ஒரு சீட்டைப் பிடித்து வைத்தார். பணம் கட்டாமல் ஒரு நாள் வரை அப்படி நிறுத்தி வைக்க முடியும். பிறகுதான் அவனுக்குப் போன் போட்டார்.

"நேத்து நீங்க சொன்னதிலேர்ந்து பாத்துக்கிட்டேதாம்பா இருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லா ஃப்ளைட்டும் ஃபுல். ஒரு சீட்டுகூட இல்லப்பா."

கம்ப்யூட்டர் திரையில் அவன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பதினேழு சீட் காலி. வியாழக்கிழமை ஃப்ளைட்டில் இருபத்திரண்டு.

யாரிடம் வந்து கதை விடுகிறான்! இந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வளர்த்த பிள்ளை, கொஞ்சம் யோசித்தாவது பொய் சொல்லக் கூடாதா? 'உன் பேர்லயே சீட் இருக்குடா' என்று வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த சாக்கு வரும். அதையும் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

"சரிப்பா. அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்று போனை வைத்தார். பிடித்து வைத்த சீட்டை அவரே ரத்து செய்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் தலையைக் கண்டதுமே, "என்னங்க, கிளம்பிட்டானா?" என்றாள்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் சீட்டே இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"நானே பாத்தேன்."

அவள் முகம் தெளிந்தது.

"நீங்களே பாத்து இல்லைன்னா இல்லதான். புள்ள அங்க கெடந்து தவிச்சுக்கிட்டு இருப்பான். போன் போட்டு, அழாதடான்னு சொல்லுங்க."